நூறு சதவீத மதிய உறக்கம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையின் மதியத் தூக்கத்தை மட்டும், அது தானாக வரும் என்று பொறுப்பில்லாமல் விட்டுவைத்திருந்தது. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது எங்கள் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். அதன் 'உறக்க ஒழுங்கு அலுவலர்' என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் திட்டம் வருவதற்கு முன் நிலைமை வெட்கக்கேடாக இருந்தது. பதினான்கு குழந்தைகளும் சாப்பிட்ட கையோடு பாயில் விழுந்து, ஆளுக்கொரு திசையில் தூங்கினார்கள். ஒரு படிவம் உண்டா, ஒரு கையெழுத்து உண்டா? எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் உதவியாளர் ஒருவர். குழந்தைகள் அவரைத் 'தட்டக்கா' என்பார்கள். சன்னல் திரையை இழுத்துவிடுவார், பாய்களுக்கு நடுவே உட்காருவார், ஒவ்வொரு முதுகாக மெல்லத் தட்டுவார். தினமும் அதே நேரம், அதே பாய், சுருதியே சேராத அதே முனகல். கால் மணி நேரத்தில் அறை அடங்கிவிடும். இதையெல்லாம் ஒரு 'முறை' என்று படித்தவன் எவனாவது ஒப்புக்கொள்வானா?

மேலாளர் அம்மா அவசரக் கூட்டம் கூட்டினார்.

"புள்ளைங்க தூங்குதுங்கறதுக்கு நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

"பாத்தாலே தெரியுமே மேடம்" என்றார் தட்டக்கா.

"பாத்தா தெரியறதெல்லாம் ஆதாரமா? பெத்தவங்க கேட்டா உங்க கண்ணையா கழட்டி அனுப்ப முடியும்?"

அங்கேயே திட்டம் பிறந்தது. மணி ஒன்றுக்கு விசில். ஒன்று ஐந்துக்குள் எல்லாரும் தூங்கிவிட வேண்டும். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் பாய் பாயாகப் போய், குழந்தை தூங்குகிறதா என்று உறுதிசெய்து, படம் பிடித்துப் பெற்றோரின் கைப்பேசிக்கு அனுப்ப வேண்டும். அறை இருட்டு என்பதால் ஃபிளாஷ் கட்டாயம்.

முதல் நாள், மூன்றாம் பாயில் கிடந்த பெண் குழந்தையின் தோளைத் தொட்டேன். உருவத்தில் சிறியது என்பதால் அதைக் 'கொசு' என்று கூப்பிடுவோம்.

"கண்ணு, தூங்கிட்டியா?"

கொசு கண்ணைத் திறந்து பார்த்து, "இல்ல" என்றது.

'உறங்கவில்லை' என்று பதிந்தேன். எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. அன்று பதினான்கு பேரும் 'உறங்கவில்லை'. திட்டம் வராமல் இருந்திருந்தால் இந்த உண்மை வெளிச்சத்துக்கு வந்திருக்குமா?

ஒரு வாரம் கழித்துக் கொசுவின் அம்மா வந்து நின்றார்.

"சார், வீட்டுக்கு வந்தா ஒரே அழுகை. ஊட்டிவிட்டா தட்டுலயே தலைய சாச்சுக்கறா. எம் புள்ள இங்க தூங்குதா, இல்லையா?"

"நாப்பத்தஞ்சு படம் அனுப்பிருக்கோமேம்மா."

"எல்லாத்துலயும் முழிச்சுக்கிட்டுல்ல இருக்கா!"

"அதாம்மா எங்க நேர்மை."

"புள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறீங்களே, இது அடுக்குமா?"

"இங்க தொட்டிலே கெடையாதும்மா. எல்லாம் பாய்தான்" என்று தவறான தகவலை உடனே திருத்தினேன்.

அப்போதுதான் தட்டக்கா வாயைத் திறந்தார். "நான் தட்டித் தூங்க வெக்கறேன், சார் வந்து எழுப்பறாரு. திரும்பத் தூங்க வெக்கறேன், திரும்ப எழுப்பறாரு. ஒரே ஒரு நாள் உள்ள வராம இருங்க சார். கும்புட்டுக் கேக்கறேன், அவ தூங்கிருவா."

பெற்றோர் முன்னிலையில் நிர்வாகத்தைக் குறை சொன்னால் சும்மா விட முடியுமா? மறுநாளே விசாரணை. குற்றச்சாட்டு: 'பணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, குழந்தையின் முதுகில் கை வைத்திருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதது.' சான்று, நான் எடுத்த படங்கள். எல்லாவற்றிலும் ஓரத்தில் அவர் கை இருந்தது.

"இந்தக் கைய எடுத்தா அது எந்திரிச்சுரும் மேடம்."

"அப்ப உங்க கைய நம்பித்தான் இந்த நிறுவனமே நடக்குதா?"

வேலைநீக்க ஆணையில் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கிளம்பும்போது கொசு அவர் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தவன் நான்தான். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கடமை என்று வந்தபின் மனசைப் பார்த்தால் ஆகுமா?

சில நாள் கூச்சல். 'தூங்காதவர்களுக்கு மாலையில் விளையாட்டு இல்லை' என்று ஓர் உத்தரவு போட்டோம். பிறகுதான் பாருங்கள், அற்புதம்! என் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதுமே பதினான்கு ஜோடிக் கண்களும் மூடிக்கொண்டன.

மேலாளர் அம்மாவை அழைத்துவந்து காட்டினேன்.

"கண்ணு, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன் சார்" என்றது கொசு, கண்ணை இறுக்கி மூடியபடி.

"பாத்தீங்களா, அதுவே சொல்லுது!" என்று மேலாளர் அம்மா பூரித்துப்போனார்.

அவர் போனபின் கவனித்தேன். கொசு தன் கையைப் பின்னால் வளைத்துத் தன் முதுகைத் தட்டிக்கொள்ளப் பார்த்தது. கை எட்டாமல் இடுப்போடு நின்றுவிட்டது. படிவத்தில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லாததால் நான் பதியவில்லை.

அந்த மாதம் எங்கள் உறக்க விகிதம் நூறு சதவீதம். பாராட்டுக் கேடயம் வரவேற்பறையில் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம். தூங்க மட்டுமே தெரிந்து வந்த பதினான்கு குழந்தைகளுக்கு, தூங்குவதுபோல நடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இனி அவர்களை யாராலும் எழுப்ப முடியாது.