மனிதக் கை படாத நாற்பது நாள்

என்றும் என் பக்கம் நிற்கும் அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் விடுதி அறையிலிருந்து கும்பிட்டு எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால்தான் கவலையாக இருக்கிறது. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறி இறங்கி வலி கூடிவிட்டது என்று அண்ணா சொன்னார். தையல் மெஷினைக் கீழே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே.

வியாழக்கிழமை எனக்கு வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டில் நன்றி சொல்ல நாலு வரிதான் இடம். அதில் உங்களுக்கு ஒரு வரிதான் மிஞ்சியது. அது போதாது என்பதால் இந்தக் கடிதம். பத்து வருஷ வேலையை விட்டுவிட்டு முப்பத்தாறு வயதில் முதுகலை படிக்கிறேன் என்று நான் வந்து நின்றபோது, "சைபர் பிசிக்கல் சிஸ்டம்ஸா? வாயிலயே நுழையலியேம்மா" என்றார் அண்ணா. "வாயில எதுக்கு நுழையணும்? அவ மண்டையில நுழைஞ்சா போதும்" என்றீர்கள் நீங்கள். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நான் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அதோடு விட்டீர்களா? ஆய்வுக்கென்று உங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையே தூக்கிக் கொடுத்தீர்கள். தொட்டிக்குள் ஒரு சென்சார், படிக்கட்டுக்குக் கீழே மோட்டார் பக்கத்தில் ஒரு பெட்டி, தண்ணீர் அளவைப் பார்க்க உங்கள் போனில் ஒரு செயலி. தண்ணீர் முப்பது சதவீதத்துக்கு இறங்கினால் பெட்டி தானே மோட்டாரைப் போட வேண்டும், தொண்ணூறைத் தொட்டால் தானே நிறுத்த வேண்டும், நாற்பது நாளைக்கு மனிதக் கை படக்கூடாது, இவ்வளவுதான் என் ஆய்வு. சொல்ல எளிது, பட்டது பெரும்பாடு. முதல் சென்சார் மாட்டும்போதே தொட்டிக்குள் விழுந்து, அதை எடுக்கக் குனிந்த அண்ணாவின் மூக்குக்கண்ணாடியும் கூடவே விழுந்தது. இரண்டாவது சென்சார் மேல் சிலந்தி கூடு கட்டி, காலித் தொட்டியைத் 'தொண்ணூறு, தொண்ணூறு' என்று போன் காட்டிக்கொண்டே இருக்க, தலை நிறையச் சோப்போடு அண்ணா குளியலறையிலிருந்து கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரரே ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தார். அப்போதுகூட நீங்கள் மோட்டாரைத் தொடவில்லையே! பெட்டியைத் தொடக்கூடாது என்று நான் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கட்டின புருஷனைச் சோப்போடு நிற்க வைத்தீர்கள். வேறு எந்த அண்ணி செய்வாள்?

ஆனால் பலன் பாருங்கள். நாற்பது நாளில் மோட்டார் ஓடிய நேரமும் நின்ற நேரமும் அவ்வளவு கச்சிதம். புதன்கிழமைகளில் மட்டும் பத்து நிமிஷம் பிந்தும். அது மின்னழுத்தக் குறைவால் என்று பன்னிரண்டு பக்கம் நிறுவியிருக்கிறேன். "இந்த அத்தியாயம்தான் உயிர்நாடி" என்றார் என் நெறியாளர்.

எல்லாம் உங்கள் புண்ணியம். முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள். நீங்களும் அண்ணாவும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உங்கள் நன்றி மறவாத நாத்தனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதற்குள் அண்ணா போர்வை கொடுக்க விடுதிக்கு வந்தார். புதன்கிழமை அத்தியாயத்தைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். "புதன்கிழமைதானே அவ தைக்கிற சீருடைக்கு ஆளுங்க வர்ற நாள்? அளவெடுத்து முடிச்சுட்டு அவ கீழ இறங்கி வரப் பத்து நிமிஷம் ஆகாதா?" என்றார். "எதுக்கு அண்ணா இறங்கணும்?" என்றேன். "மோட்டார் போடத்தான்" என்றார். அவரை உட்கார வைத்து முழுக்கதையையும் கேட்டு வாங்கினேன்.

மோட்டாரைக் கையால் போடுவதா, பெட்டி போடுவதா என்று மாற்றும் சுவர் சுவிட்சைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைக்க மறந்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் நான். முதல் நாளே மோட்டார் ஓடாததைப் பார்த்து, வேடிக்கைக்காக நான் போனில் போட்டுக் கொடுத்த செயலியில் அளவைப் பார்த்துப் பார்த்து, முப்பதில் பச்சைப் பொத்தானும் தொண்ணூறில் சிவப்புப் பொத்தானும் அழுத்தி, நாற்பது நாள் மாடிப்படி ஏறி இறங்கியவர் நீங்கள். சிலந்தி நாளிலும் போன் சொன்னபடிதான் நடந்திருக்கிறீர்கள். மோட்டார் எப்போது ஓடியது என்று பெட்டி எழுதி வைத்தது. ஓட்டியது யார் என்று எழுதவில்லை. அண்ணா கேட்டதற்கு, "பெட்டியைத்தான தொடக்கூடாதுன்னா? நான் தொடலியே. வேலைய விட்டுட்டுப் படிக்கிற பொண்ணு, சொன்னா கலங்கிப்போயிடும்" என்றீர்களாம். கலங்கித்தான் போனேன் அண்ணி. அண்ணா எதிரிலேயே அழுதேன்.

நெறியாளரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "தேர்வை ரெண்டு வாரம் தள்ளி வைக்கிறேன். ஒரு வாரம் உங்க பெட்டி ஓட்டட்டும், ஒரு வாரம் உங்க அண்ணி ஓட்டட்டும். ஒப்பிட்டு எழுதுங்க" என்றார்.

சனிக்கிழமை வருகிறேன். முதல் வேலையாகத் தையல் மெஷினைக் கீழே இறக்கி, பொத்தான் பக்கத்திலேயே போடுகிறேன். மறுக்கக்கூடாது. இன்னொரு வேண்டுகோளும் உண்டு: உங்கள் வாரத்தில் ஒருநாளாவது தொட்டியைக் கொஞ்சம் வழிய விடுங்கள். இல்லாவிட்டால் என் பெட்டி தேறவே தேறாது.