வாயை மூடிய பன்னிரண்டு பேர்

தெரியாத வேலையைத்தான் நான் ரொம்ப நம்பிக்கையாகச் செய்வேன். பத்தாவது கணக்குப் பரீட்சையையும் அப்படித்தான் எழுதினேன். (அதோடு படிப்பு முடிந்தது.)

ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் தொழிலாளிகளுக்கு ஐடி கார்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த என்னை, பல் டாக்டர் ஜெசி அக்கா தன் கிளினிக்கில் சேர்த்துக்கொண்டார். இன்சூரன்ஸ் பாரம் நிரப்பி, பேஷன்ட்டை போட்டோ எடுத்து அனுப்புவது என் பொறுப்பு. அனுமதி வந்தால்தான் சிகிச்சை.

திடீரென்று பாரமெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தது. 'போதிய ஆதாரம் இல்லை.' அவ்வளவுதான். பின்னாலேயே, கிளினிக்கை இன்சூரன்ஸ் பட்டியலிலிருந்து எடுக்கப்போவதாக ஒரு கடிதம். எடுத்துவிட்டால் கம்பெனி ஆட்கள் யாரும் வரமாட்டார்கள். அக்கா கிளினிக்கை மூட வேண்டியதுதான். அன்றைக்கு அவர் டீயைத் தொடவே இல்லை.

"ஒத்த ஆளா கத்துனா எவனும் கேக்க மாட்டான் பாபு. சங்கத்துக்குப் போறேன்."

பல் டாக்டர்கள் சங்கத்துச் செயலாளர், நரைத்த மீசைக்காரர், கொதித்துப்போனார். இன்சூரன்ஸ் அதிகாரியை ஸ்ரீபெரும்புதூரில் நடந்த சங்கக் கூட்டத்துக்கே வரவழைத்தார்.

"ஆதாரம் இருக்காப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"பக்காவா கீது சார். பெரிய ஸ்கிரீன்ல போடுங்க. அவுரு மூஞ்ச எங்க வெச்சிக்கிறார்னு பாப்போம்."

போட்டார்கள். முதல் படம்: நீலத் துணிக்கு முன்னால், இரண்டு காதும் தெரிய, வாயை இறுக்க மூடிக்கொண்டு விறைப்பாக ஒரு வெல்டர். அடுத்தவரும் அப்படியே. மொத்தம் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் ஒரு பல்கூடத் தெரியவில்லை. (கடைசி ஆளுக்கு மேல் பட்டனைக்கூட நானே போட்டுவிட்டிருந்தேன்.)

அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "பல்லு எங்க?"

"உள்ள கீது சார்."

கூட்டமே சிரித்தது, அக்காவைத் தவிர. "இன்னாடா இது?"

"போட்டோன்னா வாய மூடணும்க்கா. பல்லு தெரிஞ்சா கேட்ல திருப்பி அனுப்பிருவாங்க..."

மீசைக்காரர் பாரத்தைப் புரட்டினார். "சார், 'நோயாளியின் போட்டோ'ன்னுதான் போட்ருக்கீங்க. வாயத் தொறக்கணும்னு எங்க இருக்கு? என்ன குறைன்னு ஒரு வரி எழுதியிருந்தா முத படத்துலயே திருத்தியிருப்போம். அதுக்கு கிளினிக்கையே மூடுவீங்களா?"

அதிகாரி பாரத்தை வாங்கி வரி வரியாகத் தேடினார். கடைசியில் கடிதத்தைத் திரும்பப் பெற்றார். இனிமேல் திருப்பினால் காரணம் எழுதித் தருவதாகவும் ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், அக்கா கேட்பதற்கு முன்னால் நானே கிளினிக் சாவியை நீட்டினேன்.

"வெச்சிக்கடா. அனுப்புறதுக்கு முன்ன நானும் ஒரு தபா பாத்திருக்கணும்ல," என்று என் மண்டையில் தட்டினார் அக்கா. "நாளைக்கு பன்னெண்டு பேரையும் கூப்டு."

இப்போது அந்தப் பாரத்தில் 'வாயைத் திறந்த நிலையில்' என்று அச்சடித்திருக்கிறார்கள். சங்கத்தில் அதற்குப் பெயர் 'பாபு வரி'.

போன தையில் வல்லக்கோட்டைக் கோயிலில் எனக்குக் கல்யாணம். கேமராவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் வாயை மூடினேன். கூட்டத்துக்குள்ளிருந்து அக்காவின் குரல்: "டேய், வாயத் தொறடா! இன்சூரன்ஸ்காரன் திருப்பிருவான்!"

ஆல்பம் முழுக்க என் கடைவாய்ப் பல்வரை தெரிகிறது. எக்ஸ்ரேவே தேவையில்லை என்கிறாள் என் மனைவி.