பதினொரு பவுன் படிக்கல்

சாப்பாட்டு மேசையில் உள்ளங்கையளவு மின்தராசுகள் இரண்டு இருந்தன. ஒரே கடலையை வைத்தாலும் இரண்டும் இரண்டு கணக்குச் சொல்லின. மரியதாசன் காலை ஏழு மணியிலிருந்து அந்தக் கடலையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

புலம்பெயர்ந்து வந்த சென்ட் லோரன்டில் வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றில் ஆறு வருடமாகப் பெட்டி தூக்குகிறவன் அவன். வேட்டைக்காரர் சிலர் தோட்டாவுக்குத் தாங்களே வெடிமருந்து நிறுத்துப் போடுவார்கள். இம்மியளவு கூடினாலும் ஆபத்தாம். அவர்களுக்கென்று முதலாளி றெஜான் வெவ்வேறு கொம்பனித் தராசுகள் எடுப்பித்திருந்தார். எது திறம் என்று நாளைக்குள் சொன்னால் மரியதாசனுக்குக் கவுண்டரில் வேலை. பிழையாகச் சொன்னால் பழைய குருடி கதவைத் திறவடிதான். வேட்டைத் துவக்கைப் படத்தில் மட்டும் பார்த்த மனிதனுக்கு மூன்று நாளாக நித்திரையில்லை.

நிறை தெரிந்த பொருளொன்றை வைத்துப் பார்த்தால் முடிந்தது. சீனிப் பைக்கற்றை வைத்தான். பாரம் தாங்காமல் இரண்டு தராசும் கண்ணை மூடிக்கொண்டன.

அப்போதுதான் ஞானம் பிறந்தது. பங்குச் சுவாமி உட்பட முந்நூறு பேருக்கு முன்னால் நிறை சொல்லப்பட்ட பொருள் இந்த வீட்டில் ஒன்றே ஒன்று உண்டு: மனைவி நிரஞ்சலாவின் தாலிக்கொடி. கலியாண மண்டபத்தில் அவனுடைய அக்கா கிறேஸ் பெண்வீட்டார் காதில் விழும்படி மூன்று தரம் சொன்னாள், பதினொரு பவுன் என்று. பவுனுக்கு எட்டுக் கிராம். ஆக எண்பத்தெட்டு.

"இஞ்சருமப்பா, கொடியை ஒருக்காக் கழட்டித் தாரும். மினுக்கித் தாறன்."

பன்னிரண்டு வருடத்தில் ஒரு கோப்பை கழுவாதவன். நிரஞ்சலா ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள்.

ஒரு தராசு எழுபத்தொன்று என்றது. மற்றது எழுபத்தொன்றும் சொச்சமும். ஒன்பது பவுனே முழுசாக இல்லை.

அக்கா பொய் சொல்லமாட்டாள். ஆகவே தராசு இரண்டும் பழுது. மரியதாசன் பஸ் பிடித்துப் போய், கடையிலேயே விலை கூடிய மூன்றாவது தராசைக் கேட்டு வாங்கி வந்தான். அதுவும் எழுபத்தொன்றில் நின்றது. விடுவானா? திருத்தும் பொத்தானை அமத்தி, கொடியை வைத்து, இதுதான் எண்பத்தெட்டு என்று மூன்றுக்கும் படிப்பித்தான். பிறகு மூன்றும் நல்ல பிள்ளைகளாகப் பதினொரு பவுன் காட்டின.

உடனே முதலாளிக்குத் தொலைபேசியில் அறிவித்தான்: மூன்று கொம்பனியும் கள்ளர், பதினொன்றில் இரண்டை விழுங்குகிறார்கள். றெஜான் கொதித்துப்போய், களஞ்சியத்தில் இருந்த அறுபது தராசுகளையும் திருப்பியனுப்ப லொறியில் ஏற்றுவித்தார். ஒரு மணித்தியாலத்தில் அவரே திரும்பத் தொலைபேசி எடுத்தார். நாளைக்குக் கொம்பனிக்காரர் சட்டத்தரணியோடு வருகிறார்களாம். எந்தப் படிக்கல்லை வைத்துச் சோதித்தாயோ அதைக் கையோடு கொண்டுவா என்றார்.

மரியதாசன் இப்போதுதான் யோசித்தான். மூன்று கொம்பனிகள் கூடிப்பேசி ஒரே பொய்யைச் சொல்லுமா? தராசு சரியென்றால் அக்கா கள்ளி. பன்னிரண்டு வருடமாகப் பாவம் நிரஞ்சலா அதை நம்பிச் சுமந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. வேலை போனாலும் போகட்டும், அவள் கழுத்தில் ஒரு பொய் தொங்கக்கூடாது என்று முடிவெடுத்தான்.

தொலைபேசி வயரை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தி, கர்க்லாண்டில் இருக்கும் அக்காவுக்கு அழைப்பு எடுத்தான்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. கொடி எத்தினை பவுன்?"

"பதினொண்டு."

"மூண்டு தராசில நிறுத்திட்டன். ஒம்பதும் வரேல்லை. நான் நிரஞ்சலாவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

மறுமுனையில் கிறேஸ் பெருமூச்சு விட்டாள்.

"பதினொரு பவுனும் நாலு வருசமா என்ர பாங்க் லொக்கரில கிடக்கு, தம்பி. களவுப் பயத்தில அவளே கொண்டுவந்து தந்தவள், உனக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி எண்டுதான் மறைச்சனாங்கள். அவள் போட்டிருக்கிறது கவரிங்."