மூன்றே நாளில் கறுப்புப் பட்டை

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் ஃபோர்மேன் சீனிவாசகத்தின் வெள்ளைக் கராத்தே பட்டை ஆணியிலிருந்து நழுவி மஞ்சள் மை டப்பாவுக்குள் விழுந்தது. தேர்வு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

அவருக்கு வயது நாற்பத்தேழு. அவருடைய பயத்துக்கும் அதே வயது. மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதால், மகள் ரோஷினி பயிலும் வகுப்பிலேயே சேர்ந்தவர், முதல் இரண்டு தேர்வுகளுக்கும் சீசன் வேலை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார்.

"இந்தத் தடவையும் வரலன்னா நானும் வகுப்ப விட்டுருவேன்ப்பா. எல்லாரும் சிரிக்காக," என்று ரோஷினி சொல்லிவிட்டாள்.

மாஸ்டர் மகேஷ்குமாரின் விதிகள் பயிற்சி மைதானத்துச் சுவரில் எழுதப்பட்டிருந்தன. வெள்ளைப் பட்டைக்காரர் தனியே நின்று காற்றைக் குத்திக் காட்டினால் போதும். மஞ்சள் ஒருவரோடும், பச்சை இருவரோடும், பழுப்பு மூவரோடும் மோத வேண்டும். கறுப்பு, மாஸ்டரோடு. இடுப்பில் எந்த நிறமோ அந்த நிறத்துக்குரிய சண்டை. வேறு பட்டை கட்டிச் செல்லவும் வழியில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் எண் தைக்கப்பட்டிருந்தது. பட்டையை எலி கடித்துவிட்டதென்று சொன்ன மணிகண்டராஜை, மைதானத்தை முப்பது முறை தவளைபோல் தாவிச் சுற்றவைத்து, அதன் பிறகு வகுப்பிலிருந்தும் நீக்கியவர் மாஸ்டர்.

மஞ்சள் பட்டையோடு வீடு திரும்பிய சீனிவாசகம், தமக்கு எதிரே நிற்கப்போகும் அந்த ஒருவரை நினைத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி யோகலட்சுமி விவரம் கேட்டுப் பட்டையை வாங்கிக்கொண்டாள்.

"வேட்டிக்கு ஊத்துற சொட்டு நீலம் இருக்குல்லா? இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்கீக."

அரைப் பாட்டில் நீலம் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை, கொடியில் பட்டை பச்சையாகத் தொங்கியது.

"ரெண்டு பேரு," என்றார் சீனிவாசகம்.

"எந்த ரெண்டு பேரு?"

"என்னைய அடிக்க."

அச்சகத்தில் மெஷின் ஓட்டும் முனியராஜ், மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் எந்த மையும் போய்விடும் என்று உறுதி கூறினார். இருவரும் மாறி மாறித் தேய்த்தார்கள். அந்தப் பஞ்சு, சற்று முன்புவரை சிவப்பு மை உருளையைத் துடைத்த பஞ்சு. பச்சையோடு சிவப்புக் கூடினால் என்ன நிறமாகும் என்று இருபது ஆண்டுகளாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த சீனிவாசகத்துக்கு, தேய்த்து முடித்த பிறகே அது நினைவுக்கு வந்தது.

"காப்பிக் கலரு உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றார் முனியராஜ்.

மூன்று பேர். சீனிவாசகம் தம் பற்களை நாவால் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை, உள்ளூரில் எவருக்கும் தெரியக் கூடாதென்று, பேருந்து ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனார். சாயப்பட்டறைக்காரர் சங்கிலிமுத்துவிடம் பட்டையைக் கொடுத்து, தேர்வு நடக்கும் இடம், நாள், நேரம், தமக்கு நேரவிருக்கும் கதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கச் சென்றார். சொல்ல மறந்தது ஒரே ஒரு சொல்: வெள்ளை.

திரும்பி வந்தபோது, அழுகிய முட்டை நாற்றம் வீசும் கொப்பரையிலிருந்து பட்டை கன்னங்கரேலென்று எழுந்துகொண்டிருந்தது.

"இந்த மாதிரிப் பெல்ட்டுன்னா கறுப்புத்தான அண்ணாச்சி கேப்பாக? நல்லாப் பிடிச்சிருக்கு."

இனி வெளுக்க முடியாதாம். வெளுத்தால் துணி இற்றுப்போகுமாம். சீனிவாசகம் மூக்குக்கண்ணாடியை அங்கேயே மறந்துவிட்டு ஊர் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரோஷினி அவருடைய இடுப்பைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எதுவும் கேக்காத தாயி. வந்துட்டேன்ல," என்றார் அவர்.

மைதானத்தில் நாற்பது மாணவர்களும் விலகி வட்டமாக நின்றார்கள். கறுப்புப் பட்டைக்குரிய விதியைச் சிலர் சுவரைப் பார்த்து உரக்க வாசித்தார்கள். கண்ணாடி இல்லாததால், சீனிவாசகத்துக்கு மாஸ்டர் வெறும் வெள்ளைக் குவியலாகத் தெரிந்தார். அந்தக் குவியல் அவரை நோக்கி நடந்து வந்தது. கால்கள் ஓடத் துடித்தன. முன்வரிசையில் ரோஷினி இருந்ததால் மட்டுமே ஓடவில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. மாஸ்டர் பட்டையின் நுனியை எடுத்து, எண்ணைத் தடவிப் பார்த்தார். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனார். கை சட்டென்று நின்றது.

"இது எங்கன வச்சு..." என்று தொடங்கியவர், குரலைத் தாழ்த்தி நிறுத்திக்கொண்டார். பின்பு எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: "கறுப்பும் கறுப்பும் மோதக் கூடாது. அது மரபு. தேர்வு முடிஞ்சது, வீட்டுக்குப் போங்க."

சுவரில் அப்படி ஒரு மரபு இல்லையே என்று மாணவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்கையில், சங்கிலிமுத்து மூக்குக்கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். அதைச் சீனிவாசகத்திடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவர், மாஸ்டரைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"அடடே, அண்ணாச்சி, நீங்களும் பரீட்சைக்குத்தான் வந்திருக்கீகளா? மூணு வருசத்துக்கு முன்ன முக்கிக் குடுத்த உங்க வெள்ள பெல்ட்டு, இன்னும் சாயம் போகாமத்தான இருக்கு?"

அன்று மாலையே கூடிய பெற்றோர், தேர்வை ஒத்திவைப்பது என்றும், மதுரையிலிருந்து தகுதியுள்ள ஆசிரியர் ஒருவரை வரவழைப்பது என்றும், வெள்ளைப் பட்டை இரண்டு புதிதாக வாங்குவது என்றும் முடிவு செய்தார்கள்.