மாமனார் வளர்த்த மீன்

தொட்டித் தண்ணீர் முழுக்கப் பால் நிறமாகிவிட்ட பிறகுதான் மாப்பிள்ளைக்குக் கையை எடுக்கத் தோன்றியது. அதுவரை மனிதர் இந்த உலகத்திலேயே இல்லை.

அழுக்கு உறிஞ்சும் ரப்பர் குழாயின் அகன்ற வாயை மணலில் ஊன்றினால், மணல் குழாய்க்குள் எழும்பிச் சுழன்று, மனசில்லாமல் மெல்லக் கீழே இறங்கும். அழுக்கு மட்டும் வாளிக்குப் போகும். அதையே பார்த்துக்கொண்டு மாப்பிள்ளை பாதி மத்தியானம் எங்கேயோ மிதந்துவிட்டார். கடைசியில் குழாய் அடிமணல்வரை போய், அங்கே வருஷக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த சகதியை எழுப்பிவிட்டது.

"மாப்பிள்ளை, என்ன இது, அழுகின முட்டை நாத்தம் அடிக்குது?" மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்லை அத்தை. மாமாவோட தொட்டி மணலைக் கொஞ்சம் சுத்தம் பண்றேன்."

"அவர் பண்ணச் சொன்னாரா?"

"சொல்லாமலே செஞ்சாத்தானே அத்தை அவருக்குச் சந்தோஷம்."

மாமியார் சந்தோஷத்தைத் தொட்டிக்குள் தேடிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் கடல்நீர்த் தொட்டியை மூன்று வருஷமாக மாமனாரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு மீன். மகா கூச்ச சுபாவம். மணலுக்குள்ளேயே குடித்தனம். வீட்டில் சத்தமே இல்லாவிட்டால்தான் தலையை வெளியே நீட்டும். அதனால் தினமும் மாமனார் வேலை விட்டு வந்து தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், ஆறிலிருந்து ஏழுவரை வீடே வாயை மூடிக்கொள்ளும். டிவி கிடையாது, போன் கிடையாது, மாமியார் குக்கரைக்கூட ஏழுக்கு அப்புறம்தான் வைப்பார்.

மாப்பிள்ளையின் கஷ்டம் என்னவென்றால், மாமனார் மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் அவரிடம் பேசுவதில்லை. பெண் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. சொந்த வீடு கட்டி முடியும்வரை இங்கேதான் வாசம். மூன்று மாதத்தில் "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொன்னதோடு சரி.

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். எப்படியாவது ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில் துணிந்து ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"மாமா, இப்போ மீனைப் பார்த்தேன்."

மாமனார் திரும்பி அவரையே ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்படியா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்துப் பூரித்துப்போனவர், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு மணலில் கை வைத்தார். அதன் பலன்தான் கண்ணெதிரே வெள்ளையாக நிற்கிறது.

"மாப்பிள்ளை, தண்ணியை மாத்திடுங்க" என்றார் மாமியார்.

மாற்றினார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து நாலு வாளி ஊற்றிய பிறகுதான், அது கடல் மீன் என்பது ஞாபகம் வந்தது. சமையலறைக்கு ஓடி உப்பு ஜாடியைத் தூக்கிவந்தார்.

"எவ்வளவு போடறது அத்தை?"

"எனக்கென்ன தெரியும். நாக்குல வச்சுப் பாத்துப் போடுங்க."

நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு பிடி போட்டார், மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு ஜாடி உப்பும் கரைந்தபோது, தண்ணீர் முன்னைவிடக் கலங்கியிருந்தது.

"அத்தை, உள்ளே அதுக்கு மூச்சு முட்டுமே. முதல்ல மீனை வெளியே எடுத்துடலாம்."

மணல் முழுவதையும் அள்ளித் துணி ஊறவைக்கும் டப்பில் போட்டு, பால்கனிக்கு இழுத்துப் போனார்கள். மாமியார் மாவுச் சல்லடையைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பிடிபிடியாய் அள்ளிப் போட, மாமியார் சலித்தார். ஈர மணல் வெயிலில் மினுக்கிக்கொண்டு கீழே விரித்த பழைய போர்வைமேல் விழுந்தது. சரசரவென்று ஒரே சத்தம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் எதற்காகச் சலிக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. மாமியார் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார். மாப்பிள்ளைக்குக் கண் சொக்கியது. இப்படியே சலித்துக்கொண்டு ஆயுசைக் கழித்துவிடலாம்போல இருந்தது.

மணல் தீர்ந்தது. சல்லடையில் இரண்டு கிளிஞ்சலும் மாமனாரின் சட்டைப் பொத்தானும் மிஞ்சின.

"மீன் எங்கே?" என்றார் மாமியார்.

மாப்பிள்ளை ஓடிப்போய்த் தொட்டித் தண்ணீரைத் துழாவினார், அங்கேயும் இல்லை. அழுக்கு போன வாளி. வாளித் தண்ணீர் போன பாத்ரூம். மாமனாரின் செல்ல மீனைச் சாக்கடைக்கு வழியனுப்பிவைத்தாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது. அழுகையே வந்துவிட்டது.

"கடையில அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன். எப்படி இருக்கும் அத்தை?"

"மஞ்சளா, வால்ல ஒரு பொட்டு. ஒரு வெள்ளிக்கிழமை நல்லாப் பார்த்தேனே."

சந்தேகத்துக்கு மனைவிக்குப் போன் போட்டார்.

"நீலம். உடம்பு பூரா கோடு" என்றாள் அவள்.

"அத்தை மஞ்சள்ங்கறாங்க."

"அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணும். ஆமா, நீதான் நேத்துப் பார்த்தியே, உனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளை போனை வைத்தார். மணி நாலேகால்.

மாமனார் தொட்டி வாங்கிய கடை நாலு தெரு தள்ளி. உள்ளே நீல வெளிச்சம். சுவர் முழுக்கத் தொட்டிகள், தொட்டி முழுக்க மீன்கள். ஓடிவந்த மாப்பிள்ளை எதற்கு வந்தோம் என்பதையே மறந்து ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து நின்றுவிட்டார். கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என்ன சார் வேணும்?"

"மூணு வருஷம் முன்னாடி எங்க மாமா இங்கே ஒரு கடல் தொட்டி வாங்கினார். மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசமாட்டார்."

"தெரியுமே."

"அவர் வாங்கின அதே மீன் ஒண்ணு வேணும். மணலுக்குள்ளேயே இருக்குமே, அது."

கடைக்காரர் தீனி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து மீனைப் பார்த்த மாப்பிள்ளை நீங்கதானா?"

மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாமா தன்னைப் பற்றிக் கடைத்தெருவில்கூடப் பேசுகிறார். "சொன்னாரா? என்ன சொன்னார்?"

"காலையில நான் கடை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னார் சார். 'வீட்ல ஒரு மணி நேரமாவது யாரும் பேசாம இருக்கட்டும்னு மணலும் தண்ணியும் மட்டும்தானே உங்ககிட்ட வாங்கிட்டுப் போனேன், அதுல மீன் எப்படி வந்துச்சு'ன்னு கேக்கறார்."