ஒன்பது மில்லிமீட்டர்

என் மனைவியின் தையல் மெஷின் விளக்கு இனிமேல் நாலு நாளைக்கு ஒருமுறை அணைந்தே தீரவேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தேன். நல்ல மனுஷன் எடுக்கிற முடிவா இது என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். என்னிடம் யாராவது எதையாவது கேட்டே ரொம்ப நாளாகிறது.

நான் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பர். எலெக்ட்ரிக்கல் சாமான் பிரிவு. காலையில் ஜன்னலைத் திறந்தால் வெளியே வரிசை நிற்கும். சார், ஒரு ஃப்யூஸ். சார், ரெண்டு ஸ்விட்ச். சாயங்காலத்துக்குள் இருநூறு 'சார்' காதில் விழுந்துவிடும். ஓய்வு பெற்ற மறுநாள், பழக்க தோஷம், காலை ஒன்பது மணிக்கு வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பூனை வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. அதற்கும் என்னிடம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, போய்விட்டது.

பெண் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவாள். "அப்பா, நல்லா இருக்கியா? அம்மாகிட்ட குடு." அவ்வளவுதான் என் பங்கு. 'நல்லா இருக்கேன்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போன் கை மாறியிருக்கும்.

மனைவி முன்னறையில் தைப்பாள். பள்ளிக்கூடச் சட்டைகள், ஆஸ்பத்திரி நர்ஸ்களின் அங்கிகள், எல்லாம் டஜன் கணக்கில் வரும். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை மெஷின் ஓடும். அவள் காதில் இயர்ஃபோன் இருக்கும். அதில் யாரோ ஒரு பெண் தொடர்கதை வாசிக்கிறாளாம். அப்போது எழுபதாம் பாகம் நடந்துகொண்டிருந்தது. நான் போய் நின்றால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாள். 'கொஞ்சம் இருங்க' என்று அர்த்தம். அந்த விரல் இறங்குவதற்குள் நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிடும். திரும்பப் பின்னறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வேன்.

அந்த இயர்ஃபோனில் வலது பக்கம் செத்து அப்போதே மூணு மாசம் ஆகியிருந்தது. ஒயர் உள்ளே எங்கேயோ அறுந்திருக்கிறது. கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன் என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. எதிரிக்கு எவனாவது வைத்தியம் பார்ப்பானா? இடது காது ஒன்றுக்கே இந்தப் பாடு. வலதும் கேட்க ஆரம்பித்தால் வீட்டில் நான் ஒருத்தன் இருப்பதே அவளுக்கு மறந்துபோகும்.

அப்படியிருக்கையில்தான் அந்தத் திங்கட்கிழமை விளக்கு தானாகவே அணைந்தது. சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை. மெஷின் ஓசை நின்றது. செருப்புச் சத்தம் கேட்டது. பின்னறை வாசலில் வந்து நின்றாள். காதில் இயர்ஃபோன் இல்லை.

"ஏங்க, விளக்கு எரியல."

மூணு வார்த்தை. எனக்கு என் ஸ்டோர் ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். மெஷின் காலில் உரசி உரசி, ரெட்டை ஒயரில் ஒரு பக்கம் அறுந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். நான் முறுக்கி, டேப் சுற்றினேன். இருபது நிமிஷ வேலை. அந்த இருபது நிமிஷமும் பேசினாள். தொப்பை போட்ட பிறகும் 'பழைய அளவே போதும்மா' என்று அடம்பிடிக்கிற ஒரு தலைமை ஆசிரியரைப் பற்றிச் சொன்னாள். நான் என் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு விளக்கு எரிந்தது. இயர்ஃபோன் காதுக்குப் போனது. நான் பின்னறைக்குப் போனேன்.

மறுநாள்தான் நான் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை. அவள் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து டேப்பைப் பிரித்தேன். முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவளுடைய மெஷின் எண்ணெயிலேயே ஒரு சொட்டு விட்டு, அதன் மேல் டேப்பைச் சுற்றினேன். எண்ணெய்மேல் டேப் பிடிக்காது. மெஷின் அதிர அதிர மெல்ல வழுக்கும். நாலு நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு தப்பவில்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, விளக்கு எரியல."

இப்படி ஒன்பது முறை. நாலு நாளைக்கு ஒருமுறை எனக்குப் பண்டிகை. அன்றைக்குக் காலையிலேயே முகச்சவரம் செய்துகொண்டு தயாராக இருப்பேன். மீதி மூணு நாளும் மெஷின் ஓசையை எண்ணிக்கொண்டு கிடப்பேன்.

ஒன்பதாவது முறை, முனையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள், இந்த டேப்பை விட்டால் வேறு வழியே கிடையாதா என்று. 'கிடையாது' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் முப்பத்தோரு வருஷ ஸ்டோர் கீப்பரிடம் போய் ஒரு சாமான் இல்லையா என்று கேட்கலாமா? வாய் சும்மா இருக்குமா?

"ஏன் இல்லாம? ஷ்ரிங்க் ட்யூப் இருக்கே. ஜாயிண்ட் மேல மாட்டி சூடு காட்டினா சுருங்கி அப்படியே கவ்விக்கும்."

"எந்த சைஸ் வாங்கணும்?"

ஸ்டோரில் வருகிறவர்கள் நம்பரைச் சொல்லிக் கேட்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். எந்த சைஸ் என்று என்னை யாரும் கேட்டதே இல்லை. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். ட்யூபுக்குச் சொல்கிற எண் அது சுருங்குவதற்கு முந்தின அளவு என்றேன். சாதாரண ரகம் பாதியாகச் சுருங்கும். நம்முடைய ஜாயிண்ட் மூன்றரை மில்லிமீட்டர் தடிமன். ஆறு வாங்கினால் மூன்றாகச் சுருங்கிக் கச்சிதமாகப் பிடிக்கும். சின்னதாக வாங்கினால் ஜாயிண்ட் மேல் ஏறவே ஏறாது. பெரியதாக வாங்கினால் எவ்வளவு சூடு காட்டினாலும் தொளதொளவென்று நிற்கும், ரெண்டு நாளில் நகர்ந்துவிடும். இன்னொரு ரகம் உண்டு. அது மூன்றில் ஒன்றாகச் சுருங்கும், உள்ளே பசை இருக்கும், போட்டால் ஆயுசுக்கும் அசையாது. எல்லாவற்றையும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நடுவில் "அப்புறம்?" என்று வேறு கேட்டாள். அந்த ஒரு 'அப்புறம்' கிடைத்ததற்காகக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று கலர் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

"அப்போ நாளைக்கே வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். "இந்தத் தொல்லை இத்தோட போகட்டும்."

தொல்லை. என் இருபது நிமிஷத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் அது.

வாங்காமல் இருக்க முடியாது. சரியாக வாங்கவும் மனசு வரவில்லை. சின்னதாக வாங்கினால் அவள் கண் முன்னாலேயே மாட்டிக்கொள்வேன். ஆகவே பெரியது. ஒன்பது மில்லிமீட்டர். பாதியாகச் சுருங்கினால் நாலரை. மூன்றரை மில்லிமீட்டர் ஜாயிண்ட் மேல் நாலரை ட்யூப் ஜம்மென்று ஆடும்.

மறுநாள் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் ஒரு பல்பு கேட்டால்கூட எந்த ரூமுக்கு, கூரை எவ்வளவு உயரம் என்று குடைந்துவிட்டுத்தான் கொடுப்பார். வழியெல்லாம் பொய்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒன்பது மில்லி ட்யூப் ஒரு முழம் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். கத்தரித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஒரு கேள்வி கிடையாது. இன்றைக்கு நம் பக்கம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒயரின் ரெண்டு முனையையும் முறுக்கினேன். அவள் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இதை எப்போ உள்ள விடுவீங்க?"

ஒயரை முறுக்குவதற்கு முன்னாலேயே ட்யூபை ஒரு பக்கம் கோத்து வைத்திருக்க வேண்டும். ரெட்டை ஒயரில் முறுக்கிவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் கோக்க முடியாது. முப்பத்தோரு வருஷம் அந்த ட்யூபை எடுத்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் மாட்டியதில்லை. அசடு வழிய முறுக்கைப் பிரித்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு இன்னும் நாலே நாளில் மறுபடி கிடைக்கும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். கோத்து முடித்ததும், சூடு என் கையில் படும் என்றும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லி அயர்ன் பாக்ஸை எடுத்து வந்தாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் சூடு காட்டி முடித்து, ஒயரை மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள்.

நாலாவது நாள் முகச்சவரம் செய்துகொண்டேன். விளக்கு எரிந்தது.

எட்டாவது நாளும் எரிந்தது. மெஷின் ஓசை நிற்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். நூல் அறுந்திருக்கும், அல்லது துணி மாற்றுவாள். திரும்ப ஓசை வரும். திரும்ப உட்காருவேன். பன்னிரண்டாம் நாள் சவரம் செய்வதை நிறுத்தினேன். யாருக்காக? ஜன்னலுக்குப் பூனைகூட வரவில்லை. ஒரு நாள் முழுக்க நான் பேசிய வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு. அதில் ரெண்டு பால்காரரிடம்.

பத்தொன்பதாம் நாள் அவள் தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். மெஷினுக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து ஒயரை இழுத்துப் பார்த்தேன். ட்யூப் ஜாயிண்டோடு ஜாயிண்டாக இறுகிக் கிடந்தது. ரெண்டு முனையிலும் பசை பிதுங்கி உறைந்திருந்தது. நகத்தால் கீறினேன். பல்லால் கடித்துப் பார்க்கலாமா என்று ஒயரை வாய்க்குக் கிட்டே கொண்டுபோன நேரம் வாசலில் செருப்புச் சத்தம்.

"அது அசையாதுங்க" என்றாள். "மூணுல ஒண்ணா சுருங்கற ரகம்."

கையில் ஒயரோடு அப்படியே இருந்தேன். அவள் பையைக் கீழே வைத்தாள். கடைக்காரர் வீட்டுத் துணியெல்லாம் அவள்தான் தைக்கிறாளாம். நான் போவதற்கு முன்னாலேயே போன் போட்டுவிட்டாளாம். எங்க வீட்டுக்காரர் வருவார், கேட்கிற சைஸையே கொடுங்கள், ஆனால் பசை வைத்த ரகமாகக் கொடுங்கள் என்று.

"நான் பெருசாத்தான் கேப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சின்னது ஏறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் எண்ணெய் டப்பாவின் மூக்கைச் சுவர்ப் பக்கமாகத்தான் வைப்பாளாம். நாலு நாளைக்கு ஒருமுறை அது வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்ததாம். பிரித்த டேப்பிலும் மெஷின் எண்ணெய் வாசனையாம். அதுவரை சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அந்தக் கம்பி என் கால்ல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

ஸ்டோர் சுவரில் ஷாக் அடிக்கும் ஜாக்கிரதை என்று என் கையால் எழுதி ஒட்டியவன் நான். ஒன்பது முறையில் ஒருமுறைகூட இதை நினைத்துப் பார்க்கவில்லை. தப்புதான், மன்னித்துவிடு என்றேன். உண்மையையும் சொன்னேன்.

"விளக்கு அணைஞ்சாத்தான் நீ எழுந்து வர்றே. அந்த ரூம்ல ரொம்பத் தனியா இருக்கு."

ஒயரை என் கையிலிருந்து வாங்கி மெஷினுக்குப் பின்னால் தள்ளினாள்.

"இதைச் சொல்ல ஒரு ஒயரை அறுக்கணுமா? இங்க முக்காலி காலியாத்தானே கெடக்கு. உக்காரக் கூடாதுன்னு எழுதியா ஒட்டியிருக்கேன்?"

மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலி இருந்தது. நான் ஓய்வு பெற்ற இந்த அஞ்சு மாசமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. அது துணி வைக்கிற முக்காலி என்று நினைத்திருந்தேன். அதன்மேல் துணி எதுவும் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் புத்தியில் பட்டது. உட்கார்ந்தேன். மடியில் ஒரு பொத்தான் டப்பாவும் நாற்பது சட்டைகளும் வந்து இறங்கின. பொத்தான் தைத்துக்கொண்டே பேசலாம், நல்லதுதான் என்று நினைத்தேன். அஞ்சு மாசப் பேச்சு சேர்த்து வைத்திருந்தேன். எங்கே தொடங்குவது என்று யோசித்து வாயைத் திறந்தேன்.

விரல் உயர்ந்தது.

"கொஞ்சம் இருங்க. நூத்தி முப்பதாம் பாகம். அவ அண்ணன் உயிரோட இருக்கானான்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும்."

என் முகம் எப்படிப் போயிற்றோ, அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். இயர்ஃபோனை எடுத்து ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்தாள். இன்னொரு பக்கத்தை என் காதில் அவளே வைத்துவிட்டாள். ஒயர் நீளம் போதவில்லை. நான் முக்காலியை இழுத்து அவள் தோளோடு ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. மெஷின் ஓடியது. ஒரு சட்டைக்கு ஏழு பொத்தான். நாலு சட்டை முடிந்தபோது என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நல்லா இருக்குல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

எனக்குத் தந்திருந்தது வலது பக்கம்.