ஆறு நிமிட மௌனமும் சிஸ்டர் எர்லினும்

மதிப்பிற்குரிய மாமா, ரெவரண்ட் க்ளியோஃபஸ் அவர்களுக்கு,

டெட்ராய்ட்டிலிருந்து உங்கள் தங்கை மகள் டெல்ஃபின் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் ஓய்வுக்குப் போயிருக்கும் அலபாமாவின் வெயிலில் உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். சனிக்கிழமையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் பெருந்தன்மையோடு கொடுத்த தேவாலயக் கீழ்த்தளத்தில் அன்றுதான் என் படத்தைத் திரையிட்டேன். கறுப்பர்கள் எடுக்கும் படம் என்றாலே துப்பாக்கியையோ பாட்டையோ எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் சலித்துப்போகட்டும் என்று, தண்ணீர் நிறுத்தப்பட்ட வீட்டில் ஒரு பெண் வறண்ட குழாயின் முன் ஆறு நிமிடம் வாய் திறக்காமல் நிற்பதை அப்படியே விட்டிருந்தேன். அது அம்மாவின் கதை. எங்கள் வீட்டுத் தண்ணீரை நிறுத்திய அந்தக் கோடையில் உங்களிடம்கூடக் குழாய் ரிப்பேர் என்றுதான் சொல்லியிருந்தாள். யாருக்கும் தெரியவராது என்று நான் வாக்குக் கொடுத்த பிறகே எடுக்க விட்டாள். இப்போது சபை முழுவதற்கும் தெரிந்துவிட்டதால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

மௌனம் தொடங்கி அரை நிமிடம் ஆகியிருக்காது, முன்வரிசையில் சிஸ்டர் எர்லின், உங்கள் பிரசங்கத்துக்குப் பதில் கொடுக்கும் அதே குரலில், "ஆண்டவரே, அவளுக்கு உதவும்!" என்றார். பின்வரிசை "ஆமென்" என்றது. டீக்கன் ஹோசியா, "வாஷர் போயிருக்கும். ஒரு தட்டு தட்டிப் பாரு பொண்ணே" என்று திரைக்கு யோசனை சொன்னார். "வாஷர் இல்லைங்க, பணம் கட்டலன்னு நிறுத்திட்டாங்க" என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. எர்லின் எழுந்தேவிட்டார்: "அப்போ பக்கத்து வீட்டுல கேளேன்டி! வாய எங்க அடகு வெச்ச? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

மூன்றாம் வரிசையிலிருந்து அம்மா சொன்னாள்: "கேட்டா குடுத்திருப்ப, எர்லின். அப்புறம் ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் பக்கத்துல உட்காருவேன்?"

மாமா, அதன் பிறகுதான் நான் விரும்பிய மௌனம் கிடைத்தது. டீக்கன் விசிறுவதைக்கூட நிறுத்திவிட்டார். அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். எர்லின் பின்னாலேயே ஓடினார், அவர் பின்னால் சபை. படத்தில் அந்தப் பெண் கடைசியில் என்ன செய்கிறாள் என்று பார்க்க நானும் புரொஜெக்டரும்தான் மிச்சம்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள்: அடுத்த மாதத்து இரண்டாம் காட்சியை ரத்து செய்யுங்கள். முடியாதென்றால் வாசலில் 'பேசக் கூடாது' என்று பலகை மாட்டி, சிஸ்டர் எர்லினை உங்கள் அதிகாரத்தால் சமையலறையிலேயே நிறுத்திவையுங்கள். என் படம் போனால் போகட்டும். அம்மா இனி அந்தச் சபைக்கு வருவாளா என்பதுதான் என் பயம்.

கர்த்தரின் கிருபை உங்களோடும், குறிப்பாக முழங்காலோடும், இருப்பதாக.

கீழ்ப்படிதலுள்ள,
டெல்ஃபின்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் அம்மா பீச் பழப் பையோடு உள்ளே வந்தாள். இத்தனை நாளும் எர்லின் வீட்டுக்குத்தான் போய்வந்திருக்கிறாள். அந்தக் கோடையில் அவர் வீட்டுக் குழாயும் வறண்டுதான் கிடந்ததாம். "நான் கேட்டிருந்தாலும் அவகிட்ட ஒரு சொட்டு இருந்திருக்காதுடி" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். ஆகவே மேலே எழுதியதில் முழங்காலைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். முன்வரிசையில் இருவருக்கும் இடம் வேண்டும். ஆறு நிமிடம் போதாதாம், மௌனத்தை இன்னும் நீட்டச் சொல்கிறாள் அம்மா. அதற்குள் எர்லினோடு பேச வேண்டியது நிறைய பாக்கியிருக்கிறதாம்.